ஒரு லிட்டர் கணக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் குடியிருப்புக்கு வேலைக்கு வரும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர் பலர் ‘குட்டி யானை’ போன்ற சின்ன டீசல் வண்டியில்தான் வருகிறார்கள். நம்மில் சிலரும் அப்படி வண்டி வைத்துத் தொழில் செய்கிறீர்கள்.

நான் வங்கியில் இருந்தவன், கணக்காகவே சொல்கிறேன். தினம் 60 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 15 கொடுத்தால் 4 லிட்டர் போதும். 12 ஆகக் குறைந்தால் 5 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 25 நாளில் 2,300 ரூபாய் கூடுதல்! வண்டிக் கடன் தவணையில் ஒரு பங்கு அது.

மைலேஜ் பார்ப்பது சுலபம். டேங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரை அப்போது போட்ட லிட்டரால் வகுங்கள். குறைந்தால் முதலில் டயர் காற்று, அடுத்து ஏர் ஃபில்டர், பிறகு வண்டியிலேயே கிடக்கும் வேண்டாத பாரம். இவற்றைப் பாருங்கள்.

மீதி நம் கையில். வண்டி எண்ணை முன்பே வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டால், கேட்டில் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பழுதைப் போட்டோ எடுத்து அனுப்பினால், ஒரு வாஷருக்காக மறுபடி கடைக்கு ஓட வேண்டாம். பக்கத்து வீட்டு வேலையையும் சேர்த்து ஒரே நாளில் கூப்பிடுங்கள். வந்து பார்த்தவருக்கு வேலை தராவிட்டாலும், டீசல் காசையாவது கொடுத்தனுப்புங்கள். அது தானமல்ல, நம்மை நம்பி அவர் போட்ட கைக்காசு.