45ஆம் நாள் ஊசியும் அம்மாவின் அட்டையும்

மருத்துவப் பட்டம் பெறும் பிள்ளைகளே, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் படித்த நாளில் சர்க்கரையைக் கண்டறியப் பெனடிக்ட் கரைசல்தான். நீலக் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டால், சுற்றி நின்ற எங்களுக்குப் பேச்சே வராது. இன்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும்; சில விநாடியில் எண் தெரிகிறது. கருவி வளர்ந்த அளவுக்கு நம் அக்கறை வளர்ந்திருக்கிறதா?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டுவிட்டுப் போனவர் ஒரு பெண். வயது 38. களையெடுக்கும்போது முள் குத்தி, கால் பெருவிரல் புண் ஆறாமல் வந்தார். மூன்று மாதமாக மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறார். சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. "இதுக்கு முன்னால சுகர் பாத்திருக்கீங்களாம்மா?" என்றேன். துணிப்பையிலிருந்து ஓரம் நைந்த கர்ப்பகால அட்டையை எடுத்து நீட்டினார். அதில் சர்க்கரை 168 என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"அது மாசமா இருக்கப்ப வந்ததுங்க. புள்ள பொறந்தா போயிடும்னாங்க."

பிள்ளைக்கு அப்போது 11 வயது. எல்லாத் தடுப்பூசியும் நாள் தவறாமல் போட்டிருந்தது. அத்தனை முறையும் அந்தத் தாய் நம் வாசலுக்கு வந்துதான் போயிருக்கிறார். 'உங்க கையைக் காட்டுங்கம்மா' என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கால்விரலை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

பிரசவமானதும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் ஆபத்து கூடவே இருக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் அதிகம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள். விளிம்பிலிருந்து திரும்ப முடியும். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்ததிலேயே நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது.

கர்ப்பிணிகளுக்கான சர்க்கரைச் சோதனையில் வழி காட்டியவர் நம்மூர் டாக்டர் வி. சேஷய்யா. வீட்டாருக்குப் பொங்கிப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வருகிறவரை 'வெறும் வயிற்றோடு நாளைக்கு வா' என்று அனுப்பினால், பலர் திரும்ப வருவதில்லை. அதனால் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுங்கள், 140-ஐத் தொட்டால் கவனியுங்கள் என்று சோதனையை எளிமையாக்கினார். 2007-இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியது. ஒரு பெண்ணின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்து செய்வதையே தரமான மருத்துவம் என்பேன்.

பிரசவத்துக்குப் பின்னும் அதே கரிசனம் வேண்டும். ஆறாவது வாரம் தாய்க்கு மறுசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. குழந்தைக்கு 45ஆம் நாள் ஊசி போடுவதும் அப்போதுதான். ஊசி போட்டதும் தாயின் அட்டையைப் புரட்டுங்கள். வட்டம் போட்ட எண் கண்ணில் பட்டால் அன்றே குளுக்கோஸ் கொடுங்கள். காத்திருக்கும் 2 மணி நேரத்துக்கு நிழலும், பால் கொடுக்க ஒரு மறைவும் ஏற்பாடு செய்யுங்கள். கூட வந்த மாமியாரிடமும் மருமகளுக்கு ஆண்டுக்கொரு முறை சோதனை அவசியம் என்று சொல்லி அனுப்புங்கள். அன்று தவறினால் தாய் ஒன்பதாம் மாத ஊசிக்கு வருவார், அப்போதாவது கேளுங்கள்.

அந்தப் பெண் 11 ஆண்டுகள் அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். என்றாவது நாம் கேட்போம் என்றுதான் வைத்திருந்திருப்பார். நீங்கள் கேளுங்கள். உங்கள் கை நலம் தரும் கையாகட்டும்.