தலைமை உரை: அறிவித்தல் பக்கம்



இந்த இருக்கைக்கு என்னைவிடப் பொருத்தமானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். உங்களில் இருவர் என் கட்டுரைகளுக்கு மறுப்பு எழுதியவர்கள். அதனால் தண்ணீர்ப் போத்தலைக் கொஞ்சம் கிட்ட வைத்துக்கொண்டேன்.

'இலங்கைப் போரும் ஊடக மொழியும்' என்பது இந்தக் கருத்தரங்கின் தலைப்பு. ஒரே லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்திலிருந்து தினமினவும் தினகரனும் டெய்லி நியூஸும் வெளிவந்ததையும், இறுதிப் போருக்கு அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயரிட்டதையும் இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவற்றுக்குத் தனித்தனி அமர்வுகள் உண்டு. நான் பேச வந்தது மரண அறிவித்தல்களைப் பற்றி.

முன்பொரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது, நான் மிக மதிக்கும் மூத்த அறிஞர் ஒருவர், "அது காசு கொடுத்துப் போடும் விளம்பரம், சான்றாகாது" என்றார். அவை சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் எனக்கு வீடு திரும்பும் பேருந்தில்தான் வந்தது. காசு கொடுத்தவர்கள் வீட்டார் என்பதால்தான் ஐயா, அது சான்று. 1998இல் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. இறந்தவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த ஊரில் இருந்தார் என்ற வரியையோ வீட்டாரே எழுதினார்கள்.

மயிலிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் சனங்கள் வெளியேறிய யாழ்ப்பாண வடகரை ஊர். அதன் துறைமுகப் பகுதியை இராணுவம் விடுவித்தது 2017இல். இடைப்பட்ட காலச் செய்திகளில் அந்தக் கரை முழுவதும் 'உயர் பாதுகாப்பு வலயம்'. ஊர்ப்பெயர் வலயத்துக்குள் கரைந்துவிட்டது. அந்தச் செய்திகள் வந்த அதே பத்திரிகைகளின் அறிவித்தல்களில் 'மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் கோண்டாவிலைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட' என்ற வாய்பாடு நிற்கிறது. இதை வெறும் ஊர்ப்பற்று என்று ஒதுக்கிய நண்பர் ஒருவர், வலயம் என்ற சொல்லை மேற்கோள் குறிகூட இல்லாமல் தம் நூலில் ஆண்டிருக்கிறார். நூல் நல்ல நூல்தான்.

'தற்காலிக' என்ற சொல்லையும் கவனியுங்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது. மூன்று ஆண்டுக்கென வந்தது, 1982இல் நிரந்தரமாயிற்று, பெயர் மாறவில்லை. கோண்டாவிலில் இருபது வருடம் இருந்து செத்தவரின் வீட்டாரும் அதே சொல்லைத்தான் எழுதினார்கள். சட்டத்தில் அது பொய். அறிவித்தலில் திரும்பிப் போகும் உரிமையை விடமாட்டோம் என்ற பிடிவாதம்.

நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதையும் 'இடப்பெயர்வு' என்றே எழுதியவர்கள் நம்மில் உண்டு. நானும் ஒருமுறை எழுதினேன். இடம் தானாகப் பெயர்ந்ததுபோல ஒரு சொல், பெயர்த்தவன் யாரென்று கேட்காத சொல். யாழ்ப்பாணச் சோனகத் தெருவில் பிறந்து, வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அடங்கியவர்களின் அறிவித்தல்களை ஒருவராவது தொகுத்திருந்தால் அந்தச் சொல் என் பேனாவில் வந்திருக்காது.

தொகுப்பது எளிதல்ல. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. மிஞ்சிய இதழ்களைப் படியெடுத்த ஓரிடத்தில், முதற்பக்கம் மட்டும் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

நேரம் போய்விட்டதென்று செயலாளர் இரண்டாவது துண்டும் அனுப்பிவிட்டார். முதல் அமர்வு தலைப்புச் செய்திகளைப் பற்றியது. கட்டுரையாளரிடம் ஒன்று மட்டும் கேட்டு அமர்கிறேன்: தம்பி, அந்த இதழ்களின் அறிவித்தல் பக்கத்தையும் படமெடுத்தீர்களா?