நடந்தால் வரும் தலைவலி

(சங்கக் கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி பற்றியெல்லாம் நம் கூட்டங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. "வாக்கிங் போனால் தலை வலிக்கிறது" என்று மாட்டுப்பெண்ணோ மகளோ சொன்னால், சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். இது சாக்கு அல்ல. மூளையையும் நரம்புகளையும் சார்ந்த ஒரு நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது. நான் மருத்துவன் அல்லன். விஞ்ஞானம் பயின்றவன் என்ற முறையில், படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக உள்ளன. முதலாவது, கடுமையான உடற்பயிற்சியின்போதோ அதன் பின்னரோ மட்டும் வரும் தலைவலி. இது 48 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வெயில் காலத்திலும் உயரமான மலைப் பிரதேசங்களிலும் அதிகம் வரும். இரண்டாவது, மைக்ரேன். மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாக, விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. மாடிப்படி ஏறினால்கூட வலி கூடும். மைக்ரேன் உள்ள சிலருக்கு உடற்பயிற்சியே அதைத் தூண்டிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உழைக்கும்போது திடீரென்று, இடி விழுந்தாற்போல் தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அது மூளையைச் சுற்றிய ரத்தக் கசிவாகவும் இருக்கலாம். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினால், மைக்ரேன் என்று நாமே பெயர் சூட்டிக்கொள்ளக் கூடாது. இருதயத்துக்கு ரத்த ஓட்டம் குறைவதாலும், நடக்கும்போது தலை வலித்து, நின்றால் தணிவது உண்டு. அப்போது மார்வலி இருக்க வேண்டும் என்பதில்லை. மைக்ரேனுக்குத் தரப்படும் டிரிப்டான் வகை மாத்திரைகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. இருதய நோயாளிகளுக்கு ஆகாதவை. ஆகவே மகளுடைய மாத்திரையை அப்பா எடுத்துப் போட்டுக்கொள்வது விபரீதத்தில் முடியலாம்.

டாக்டர் பரிசோதித்து, வேறு கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்து நம் பழக்கங்களைப் பார்க்க வேண்டும். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவர் காலை 6 மணிக்கு ஒரு டம்ளர் காபியோடு வேகமாக நடக்கப் புறப்படுகிறார். 10 மணி நேரமாக வயிறு காலி. பட்டினி மைக்ரேனைத் தூண்டக்கூடியது. புறப்படுமுன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடலாம். ஏகாதசி உபவாசம் இருப்பவர்கள் அன்று பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது. தினமும் காபி குடிப்பவர் ஒரு நாள் திடீரென்று நிறுத்தினாலும் தலை வலிக்கும். விட நினைப்பவர் சிறிது சிறிதாகக் குறைக்கட்டும். தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள். ஆனால் இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவை மீறக் கூடாது. தில்லியின் மே மாத வெயிலில் 9 மணிக்கு மேல் நடப்பது வேண்டாம்.

எடுத்த எடுப்பில் வேகம் கூடாது. முதல் 10 நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைப் பழக்க வேண்டும், முடிக்கும்போதும் அப்படியே. வேகத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் கீர்த்தனை பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். எடை தூக்கும் இளைஞர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது. தலைவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சிரசாசனம் செய்ய வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு தேதி, தூக்கம், உணவு, பயிற்சி, வலி தொடங்கிய நேரம், போட்ட மாத்திரை ஆகியவற்றை எழுதி வாருங்கள். பெண்கள் மாதவிலக்கு நாட்களையும் குறிப்பது அவசியம். இரண்டு, மூன்று மாதங்களில் காரணம் புலப்பட ஆரம்பிக்கும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் என்று மூன்று மாதங்களுக்கு மேல் விழுங்கி வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வலிக்குப் பயந்து உடற்பயிற்சியை அடியோடு விடுவதுதான் பெரிய நஷ்டம். ஸ்வீடன் நாட்டில் 91 மைக்ரேன் நோயாளிகளை மூன்று பிரிவாக்கிச் செய்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் வாரம் 3 முறை, 40 நிமிடம் பயிற்சி செய்தனர். இன்னொரு பிரிவினர் உடலைத் தளர்த்தும் பயிற்சி செய்தனர். மூன்றாவது பிரிவினர் டோபிராமேட் என்ற மாத்திரை சாப்பிட்டனர். தலைவலி வரும் தடவைகள் மூன்று பிரிவிலும் குறைந்தன. அவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பக்க விளைவுகள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மட்டுமே ஏற்பட்டன. அளவோடும் முறையோடும் செய்தால், தலைவலியைத் தூண்டிய பயிற்சியே அதைத் தடுக்கவும் உதவும்.

இன்று வீட்டுக்குப் போனதும், தலைவலி என்று யாராவது படுத்திருந்தால் டி.வி. சத்தத்தைக் குறைத்து, விளக்கை அணைத்துவிட்டு, "என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார். அனைவரும் ஆரோக்கியத்துடன் வாழ பகவானைப் பிரார்த்திக்கிறேன்.