மோட்டார் பெட்டியும் முதியோர் பயணமும்

(உம்ரா பயணிகளுக்கான வழிகாட்டல் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





இஹ்ராம், தவாஃப், ஸயீ பற்றியெல்லாம் ஆலிம் பெருமக்கள் விளக்கிவிட்டார்கள். நாங்கள் பேச வந்தது அதற்கெல்லாம் முன்னால் வரும் ஒரு சின்ன விஷயம்: கையில் கொண்டுபோகும் பெட்டி.

சென்ற குழுவில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் போனார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள், மூட்டுவலி வேறு. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன், உம்மா சிரமப்படக் கூடாது என்று, ஏறி உட்கார்ந்து ஓட்டக்கூடிய மோட்டார் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். நல்ல மனது. ஆனால் விமான நிலையக் கவுண்டரில், "பேட்டரியைக் கழற்றுங்கள்" என்றார்கள். அதுவோ கழற்ற முடியாத வகை. எல்லோரும் பார்க்க, பெட்டியைத் தரையில் திறந்து, துணிமணிகளைப் பைகளில் மாற்றிக்கொண்டு, காலிப் பெட்டியைப் பேரனிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கண்கலங்கி நின்ற அந்தத் தாயாரை வழியனுப்பப் போன நாங்களும் பார்த்தோம். அந்த நிலை இன்னொருவருக்கு வரக் கூடாது.

கவுண்டரில் சொன்னது வீம்புக்காக அல்ல. இந்தப் பெட்டிகளில் இருப்பது லித்தியம் பேட்டரி. அது சூடேறித் தீப்பிடித்தால், பயணிகள் பகுதியில் பணியாளர்கள் உடனே அணைக்க முடியும். அடியில் சரக்கு அறையில் பிடித்தால் யாரும் எட்ட முடியாது. அதனால்தான் 2018 ஜனவரி முதல் அமெரிக்காவின் சில பெரிய விமான நிறுவனங்கள், பேட்டரியைக் கழற்ற முடியாத பெட்டிகளை ஏற்க மாட்டோம் என்றன. இன்று மற்ற நிறுவனங்களும் இதே போன்ற விதியை வைத்திருக்கின்றன.

ஆகவே, வாங்குவதாக இருந்தால் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, பேட்டரியைக் கையாலேயே கழற்ற முடிய வேண்டும். பெட்டியை லக்கேஜில் போட்டால், பேட்டரியைக் கழற்றி உங்களோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, பேட்டரியின் அளவு 100 வாட்-அவருக்கு மேல் போகக் கூடாது. போனால் விமான நிறுவனத்திடம் முன்அனுமதி தேவை. 160-ஐத் தாண்டினால் பயணியோடு கொண்டுபோகவே முடியாது. கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 14.8 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 74 வாட்-அவர்.

மூன்று, எடை. ஏறி ஓட்டும் பெட்டிகள் பலவும் காலியாகவே எட்டு, ஒன்பது கிலோ இருக்கும். கைப்பைக்குப் பல நிறுவனங்கள் தருவதே 7 கிலோதான்.

இன்னொன்று, எல்லா இடத்திலும் ஓட்டவும் விடமாட்டார்கள். ஜப்பானில் இதை மோட்டார் வாகனமாகவே கருதுகிறார்கள். ஒசாகா நகர நடைபாதையில் உரிமம் இல்லாமல் ஓட்டிய ஒரு பெண்மணி மீது வழக்கே வந்தது. கூட்டமான இடத்தில், வழுக்கும் தரையில், மூட்டுவலிக்காரர் ஒருவர் இதை ஓட்டுவது எவ்வளவு பாதுகாப்பு என்பதையும் யோசியுங்கள்.

அப்படியானால் நடக்க முடியாதவர்கள் என்ன செய்வது? விமான நிறுவனத்தின் சக்கர நாற்காலியைக் கேளுங்கள். நடக்க இயலாதவர்களுக்குக் கட்டணம் இல்லை. பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். நீண்ட தூரம் மட்டும் நடக்க முடியாதா, படி ஏற முடியாதா, இருக்கை வரை கொண்டுபோய் விட வேண்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். திரும்பி வரும் பயணத்துக்கும், இடையில் விமானம் மாறினால் அந்த ஊருக்கும் சேர்த்துப் பதியுங்கள்.

2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய வயதான தம்பதிக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாற்காலி. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு, 80 வயதான கணவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்தார்; உயிர் பிழைக்கவில்லை. அந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். போன உயிர் போனதுதான்.

ஆகவே பெரியவர்களே, நாற்காலி வரத் தாமதமானால் காத்திருங்கள். "எல்லோரும் போகிறார்களே" என்று கூச்சப்பட்டு நடக்காதீர்கள். குழுவில் போகும் இளைஞர்களே, உங்கள் பெட்டியை வேகமாக இழுத்துக்கொண்டு முன்னால் போய்விடாதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு பெரியவரின் பக்கத்தில் நில்லுங்கள். மோட்டார் பெட்டியைத்தான் இழுக்கும். "உம்மா, கொஞ்சம் உட்காருங்கள், நாற்காலி வந்துவிடும்" என்று அது சொல்லாது.

நாற்காலிக்குப் பதிவு செய்யத் தெரியாதவர்கள் டிக்கெட் நகலோடு அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். நம் பிள்ளைகள் கட்டணமின்றிப் பதிந்து தருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.