பணம் யாருக்குப் போகவில்லை?

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்று ஒரு நகரம். அங்கே பிரெடரிக் காஃப் என்ற வங்கிக்காரர் 1914-ல் ஒரு வழி செய்தார். ஊர்ப் பணக்காரர்கள் எழுதிவைக்கிற பணம் ஒரே நிதியில் சேரட்டும். யாருக்குக் கொடுப்பது என்று ஊர்க்காரர்கள் குழுவே முடிவு செய்யட்டும். இன்று அந்த நாட்டில் இப்படி நூற்றுக்கணக்கான நிதிகள் இருக்கின்றன.

பல இடங்களில் குழுவில் இருப்பவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். பணம் கேட்டு அமைப்புகள் அனுப்பும் விண்ணப்பங்களைப் படிக்க வேண்டும், பேசி முடிவெடுக்க வேண்டும். தன் சொந்த அமைப்பின் விண்ணப்பம் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது!

சில நிதிகளில் இன சமத்துவக் குழு என்று இன்னொன்றும் உண்டு. அது கேட்பது, பணம் யாருக்குப் போகவில்லை? கல்யாணப் பந்தியில் முன் இலைக்கு இரண்டாம் தரமும் பாயசம் வந்துவிடும். கடைசி இலை காத்திருக்கும். பரிமாறுகிறவர் கெட்டவர் இல்லை. கடைசி இலை அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இங்கேயும் அப்படித்தான். கறுப்பின மக்கள் நடத்துகிற சின்ன அமைப்பில் நீண்ட படிவம் நிரப்ப ஆள் இருக்காது. படிவம் போகாது, பணமும் வராது. இதைப் பார்த்துத்தான் சில நிதிகள் படிவத்தைச் சுருக்கின. வாயால் சொன்னாலே போதும் என்றன.

உங்கள் பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது இதைச் சொல்லுங்கள். அவர்கள் ஊர் நிதியும் தொண்டர்களைத் தேடிக்கொண்டிருக்கலாம்.