இறந்த கலத்தின் சாட்சியம்



நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் பல, முன்னாளிற் கோப்பித் தோட்டங்களாய் இருந்தவை. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட துரு நோய் அக்கோப்பியை அழித்தது. அந்நோயை ஆராய 1880இல் இங்கு வந்தவர் மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலத் தாவரவியல் அறிஞர். நோயை விளைத்த பங்கசின் வாழ்க்கையை அவர் விளக்கினார். கோப்பியைக் காக்கத்தான் வழி பிறக்கவில்லை.

1902இல் அவரே புல்லினம் ஒன்றில் விந்தையொன்றை விவரித்தார். துருவை எதிர்க்கும் புல்லில், பங்கசு நுழைந்த இடத்துக் கலங்கள் விரைந்து மடிந்தன. உயிருள்ள கலத்தை உண்டே வாழும் பங்கசு அங்கேயே தடைப்பட்டது. நோயெதிர்ப்புள்ள கோப்பியிலும் இவ்வாறு நிகழ்வதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. லயத்தில் ஒரு காம்பராவிற் பற்றிய தீ பரவாதிருக்க, அடுத்த காம்பராவின் கூரையைப் பிரித்துப் போடுவது போன்றது இது.

ஆயினும், நோய் கொன்ற கலமும் இறந்த கலமே. தானே மடிந்த கலமும் இறந்த கலமே. இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

முதலாவது வழி சாயமிடுதல். டிரிப்பன் நீலம் என்னும் சாயத்தை உயிருள்ள கலத்தின் மென்சவ்வு உட்புக விடாது. இறந்த கலம் நீலமாகும். இறப்பு நேர்ந்ததை இது கூறும். இறந்த விதத்தைக் கூறாது.

இரண்டாவது வழி நுணுக்குக்காட்டி. விலங்குக் கலங்கள் ஒழுங்குமுறையாய்ச் சுருங்கி, கரு துண்டுபட்டு மடிவதைக் கெர், வைலி, கறி ஆகிய மூவர் 1972இல் விவரித்து, அதற்கு அப்பொப்டோசிசு எனப் பெயரிட்டனர். அவ்வாறு மடியும் கலத்தில் டி.என்.ஏ. இழை ஏறத்தாழ 180 இணைகளின் மடங்குகளாக வெட்டுண்டு, மின்புலத்தில் ஏணிப்படிகளைப்போல் வரிசைப்படும். இழையத்தின் எந்தக் கலத்தில் அவ்வெட்டு நேர்ந்ததென்று காண, வெட்டு முனைகளில் ஒளிரும் அடையாளத்தை ஒட்டும் டியூனல் முறை 1992இல் வெளிவந்தது. சிதைந்து அழிந்த கலமும் சிலவேளை அவ்வாறே ஒளிரும். தாவரக் கலமோ எப்பொழுதும் விலங்குக் கலத்தைப்போல மடிவதில்லை. ஆதலின் ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. பல சோதனைகளையும், இறப்பு நேர்ந்த காலத்தையும் ஒப்புநோக்க வேண்டும்.

இதனால் தோட்டத்துக்கு என்ன பயன்? 1946இல் இங்கு வந்த கொப்புள நோய், நாம் பறிக்கும் இளங்கொழுந்தையே தாக்குவது. அதன் பங்கசும் உயிருள்ள இழையத்தை உண்பதே. செப்பு மருந்தை மட்டும் நம்பியிராது, நோயை எதிர்க்கும் செடியைத் தேர்வதே நிலையான காப்பு. இலையிலுள்ள புள்ளி நோயின் வெற்றியா, செடியின் தற்காப்பா என்பதைப் பிழையாகக் கணித்தால், பிழையான செடியே மலையேறும். தேயிலைச் செடியோ பல பத்தாண்டு நிற்பது. அப்பிழையின் சுமையைக் கொழுந்துக் கூடை சுமப்பவரே நெடுங்காலம் சுமக்க நேரும்.