ஃபோர்ஸ் என்றொரு சொல்



சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். "சார், பையன ரொம்ப ஃபோர்ஸ் பண்ணாதீங்க. வர்ற அன்னிக்கு வரட்டும்" என்றார். அவர் இங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அன்றிரவு அகராதியைப் புரட்டினேன்.

ஒரே சொல்லுக்கு எத்தனை வேலை! செம்பனைக் குலை ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளுகிறோமே, அதுவும் ஃபோர்ஸ்தான். நாம் விசை என்போம், மலாயில் டாயா. போலீஸ் ஃபோர்ஸ் என்றால் படை. ஒரு சட்டம் 'இன் ஃபோர்ஸ்' என்றால் அமலில் இருக்கிறது என்று பொருள். ஆங்கிலத்துக்கு ஒரே கிண்ணம். நமக்குத் தனித்தனிக் கிண்ணம்.

இன்னொரு பொருளும் உண்டு: இஷ்டமில்லாதவனை இழுத்துப்போவது. மலாயில் பாக்சா. இதற்குத் தோட்டத்து மக்களுக்கு அகராதி வேண்டியதில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். முதலில் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதவில்லை என்றதும் பிடித்துக்கொண்டே போனார்கள். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில், சயாம் போய்த் திரும்பிய தாத்தா ஒருவர் இருந்தார். ராத்திரி மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். கேட்டால் பேசமாட்டார். அதுதான் ஐயா, ஃபோர்ஸ்.

பிள்ளையை ஆரம்பப் பள்ளிக்கு அனுப்புவது நம் நாட்டில் 2003 முதல் சட்டப்படி கட்டாயம். மீறினால் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. "இதுவும் பாக்சாதானே சார்?" என்று கேட்டார் அந்தத் தகப்பனார். கட்டாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆதாயம் பிடித்துப்போனவனுக்கு, இங்கே பிள்ளைக்கு.

இப்படி ஜம்பமாகப் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் பையனே சொன்னான். வாய்ப்பாடு தெரியாததற்கு அவனை வகுப்பின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்கவைத்திருக்கிறேன். அன்றிலிருந்துதான் அவன் வரவில்லை. எந்தச் சட்டமும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அது என் கோபம். தகப்பனார் சொன்ன ஃபோர்ஸ் அதுதான். நான்தான் அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவன் வருகிறான். பள்ளி விட்டதும் இருவரும் அரை மணி நேரம் உட்காருகிறோம். ஏழாம் வாய்ப்பாட்டில் இருக்கிறோம்.